படுத்தால் மறைகிற வீக்கம்

இலவசம் என்று சொன்னால் ஆள் வந்துவிடுவான் என்று நான் ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தேன். சாதாரண முட்டாள் நம்பியிருந்தால் யாராவது தலையில் தட்டியிருப்பார்கள். நான் படித்துவிட்டு நம்பியதால் அதற்குப் பட்டமும் கொடுத்து, மாதச் சம்பளமும் கொடுத்து, மற்றவர்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கும்படி கேட்டுக்கொண்டார்கள்.

புனேயில் ஒரு மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவம் நடத்துகிறேன். மாணவர்கள் தூங்குவதற்கென்றே பாடத்திட்டத்தில் ஒதுக்கிவைத்த பாடம் இது. எலும்பு நடத்துகிறவர் கையில் எலும்போடு வருகிறார். இதயம் நடத்துகிறவரிடம் ஜாடியில் இதயம் இருக்கிறது. என்னிடம் மேசைமேல் வைத்துக் காட்ட ஒன்றும் கிடையாது. கூலி, வாடகை, குடிதண்ணீர், சாதி, பேருந்து, முதலாளி இதெல்லாம் எப்படி ஒரு உடம்புக்குள் புகுந்து நோயாகிறது என்று நான் விளக்க வேண்டும். அதுவும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மின்விசிறிக்குக் கீழே. அதனால் ஜோக் அடிப்பேன். ஜோக்குக்கு முழித்துக்கொள்வார்கள், பாடத்துக்குத் தூங்கிவிடுவார்கள். இந்த ஏற்பாட்டில் இரண்டு தரப்புக்கும் மனக்குறை இருந்ததில்லை.

வருடா வருடம் கரும்பலகையில் ஒரு படம் போடுவேன். ஒரு மருத்துவமனை, ஒரு குடிசை, நடுவில் ஒரு சுவர். "இந்தச் சுவரை இடியுங்கள். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கட்டும், காசு வாங்காதீர்கள், நோயாளியின் மொழியில் பேசுங்கள். அவன் தானாக வருவான்" என்பேன். கைதட்டல் கூட வாங்கியிருக்கிறேன்.

புனேயிலேயே போபோடி என்ற பகுதியில் ஒருவருக்கு ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தது. அறுவை சிகிச்சை இலவசம். அவர் மொழியில் பேச நான் இருந்தேன். அவர் வரவில்லை.

எங்கள் கல்லூரியில் ஒவ்வொரு மாணவருக்கும் சில குடும்பங்களைப் பிரித்துக் கொடுப்போம். படிப்பு முடியும்வரை அந்த வீடுகளுக்குப் போய்வந்து, யாருக்கு என்ன நோய், ஏன் வந்தது, ஏன் போகவில்லை என்று பார்க்க வேண்டும். இதற்குத் தத்தெடுப்பு என்று பெயர். தன் சட்டையைத் தானே துவைத்து அறியாத பிள்ளைகள் ஒரு குடும்பத்தைத் தத்தெடுப்பார்கள். அந்தக் குடும்பத்தைக் கேட்பது வழக்கமில்லை.

நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது போபோடியில் நான் வளர்ந்த சந்துக்கே. ஊர்ப்பாசம் என்று நினைத்துவிட வேண்டாம். வண்டி நிறுத்த இடம் தெரியும், பாதி வீடுகளில் தமிழ் பேசுவார்கள், எனக்கு வேலை குறைவு. என் அப்பாவும் அந்தச் சந்துக்காரர்தான். வடாற்காட்டிலிருந்து வந்து, பக்கத்தில் கட்கியில் இருக்கும் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் நிரந்தர வேலைக்குச் சேர்ந்தார். நிரந்தரம் என்றால் சம்பளத்தோடு விடுப்பு, தொழிற்சாலை ஆஸ்பத்திரி, பிள்ளை படிக்கப் பள்ளிக்கூடம். அதே ரயிலில் அதே தாலுகாவிலிருந்து வந்த இன்னொருவருக்கு நிரந்தர வேலை கிடைக்கவில்லை. என் அப்பாவின் பிள்ளை வானவடியில் லிஃப்ட் வைத்த குடியிருப்பில் இருந்துகொண்டு சமூகக் காரணிகள் பற்றிப் பாடம் நடத்துகிறான். அந்த இன்னொருவரின் பிள்ளை அதே சந்தில், அதே தகரக் கூரைக்குக் கீழே இருந்துகொண்டு நகரத்துக்கு வெளியே ரஞ்சன்காவ் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறார். அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ரஞ்சன்காவில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி. அவர் அந்தக் கம்பெனியின் ஆள் இல்லை. டேக்கேதார் என்று இங்கே எல்லோரும் சொல்கிற ஒப்பந்தக்காரரின் ஆள். விடியும் முன்பே முக்கியச் சாலையில் கம்பெனிப் பேருந்து வரும். பட்டியலில் பேர் இருந்தால் ஏறலாம். பெட்டி பெட்டியாக இரும்புச் சாமானைத் தூக்கி அடுக்குவது வேலை. சில மாதங்களுக்கு ஒரு முறை வேலையை நிறுத்தி, ஒரு இடைவெளி விட்டு, புதிதாகச் சேர்ப்பது போல் மறுபடி சேர்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் உடல் பரிசோதனை உண்டு.

மழைக்காலம் முடிகிற சமயம் மாணவர்களோடு அவர் வீட்டுக்குப் போனேன். நாற்பதைத் தொட்ட வயது, நல்ல உயரம். எப்போது பார்த்தாலும் வலது கை பேன்ட் பாக்கெட்டில் இருக்கும். டீ வாங்கும்போதும் இடது கைதான் நீளும்.

"இன்னாப்பா, எப்பப் பாத்தாலும் பாக்கெட்ல கை? உள்ள இன்னா வச்சிக்கினு கீற, தங்கமா?" என்றேன்.

"தங்கந்தான் சார். உட்டா உயுந்துரும்" என்றார்.

நான் பெரிதாகச் சிரித்தேன். தமிழ் தெரியாத மாணவர்களும் நான் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. தையல் மெஷினில் குனிந்து எவருடைய ரவிக்கைக்கோ கை வைத்துக்கொண்டிருந்தவர், மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அப்போது கணவர் இருமினார். இருமும்போது தோள் முன்னால் வளைந்தது, பாக்கெட்டுக்குள் கை இறுகியது. மருத்துவம் படித்து இத்தனை வருடம் ஆன எனக்கு ஒரு மனிதன் இருமிக் காட்டினால்தான் தெரிகிறது.

பிள்ளைகளை வெளியே அனுப்பி, சேலையைத் திரையாகக் கட்டி, நிற்க வைத்துப் பார்த்தேன். குடலிறக்கம். வயிற்றுச் சுவர் தளர்ந்து, அடிவயிற்றின் ஓரத்தில் குடல் பிதுங்கி இறங்கியிருந்தது. ஒரு எலுமிச்சை அளவெல்லாம் எப்போதோ தாண்டியாகிவிட்டது. மகளின் பழைய பள்ளிக்கூட பெல்ட்டில் எலாஸ்டிக் வைத்துத் தைத்து, அதற்கடியில் மடித்த துண்டை வைத்து இறுக்கிக் கட்டியிருந்தார். தையல் மனைவியுடையது, நேர்த்தியாக இருந்தது.

"எத்தினி நாளா?"

"போன தீவாளிலர்ந்து சார். படுத்தா உள்ள பூடும். எய்ந்தா வந்துரும். பழகிப்போச்சி."

"பழகுற சமாச்சாரமா இது? ஒருநாள் வெளிய வந்தது உள்ள போவாம மாட்டிக்கும். அப்புறம் குடல் அழுகிடும். உசுருக்கே ஆபத்து. நம்ம ஆஸ்பத்திரில ஒரு பைசா கெடயாது. நாளைக்கே வா."

"வரேன் சார்" என்றார். வரவில்லை. அடுத்த வாரம், "வரேன் சார்." வரவில்லை.

வகுப்பில் இதையே கேள்வியாக வைத்தேன். சிகிச்சை இலவசம், பக்கத்தில் இருக்கிறது, ஆபத்து என்று சொல்லியாகிவிட்டது, ஏன் வரவில்லை? தூங்காத சிலர் பதில் சொன்னார்கள். அறியாமை. ஆபரேஷன் பயம். மூடநம்பிக்கை. பின்வரிசையில் ஒருவன், "குடிப்பாரா சார்?" என்றான். எல்லாவற்றையும் பலகையில் எழுதினேன். அழகாக இருந்தது. லாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். "சார், அவரைக் கேட்டீங்களா?" என்றாள் மராட்டியில்.

"கேட்டேனே. வரேன்னு சொன்னார்."

"ஏன் வரலைன்னு கேட்டீங்களா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஜோக் யார் சொன்னாலும் சிரிப்பது என் கொள்கை.

அவளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். ஆபரேஷன் செய்தால் இரண்டு மாதமாவது பாரம் தூக்கக்கூடாது. இரண்டு மாதம் பேருந்தில் ஏறவில்லை என்றால் பட்டியலில் பேர் இருக்காது. ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதே, காசோடு விடுப்பு கிடைக்குமே என்று நான் கேட்டதற்கும் பதில் வைத்திருந்தாள். அதைக் காட்டி நீண்ட விடுப்பு எடுத்தவர்களை இடைவெளிக்குப் பிறகு மறுபடி கூப்பிடுவதில்லையாம். சட்டப்படி யாரும் யாரையும் நீக்கவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

இப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. கல்லூரி முத்திரை போட்ட தாளில் ஒரு கடிதம். "இவருக்குக் குடலிறக்கம் உள்ளது. அறுவை சிகிச்சை தேவை. பிறகு இரண்டு மாதம் எளிய வேலை தந்து உதவக் கோருகிறேன்." நான் கையெழுத்துப் போட்டேன். மாணவர்கள் மொத்தமும் எழுந்து நின்று பார்த்தார்கள். "டாக்டரின் பேனாவும் ஒரு மருந்துதான்" என்று அன்று நான் சொன்னதை யாரோ மொபைலில் பதிவு செய்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். நான் அதைக் கேட்டேன். திரும்பவும் கேட்டேன். குரல் நன்றாகத்தான் இருந்தது.

கடிதத்தை அவரிடம் நீட்டியபோது அவர் கையை வெளியே எடுக்கவில்லை.

"பேப்பர்லாம் வோணாம் சார்."

"ஏம்ப்பா?"

"பேப்பர் போச்சின்னா ஆளு தெரிஞ்சிடுவான் சார்."

"தெரியட்டும்னுதானே எழுதிக்கீறேன்!"

அவர் தன் மனைவியைப் பார்த்தார், மனைவி என்னைப் பார்த்தார். அந்தச் சந்தில் ஒருவன் டாக்டராகிவிட்டால் அவனிடம் இரண்டாம் முறை மறுப்பது மரியாதை இல்லை. வாங்கி டி.வி. மேல் வைத்தார். அங்கேயே இருந்திருந்தால் தூசி படிந்து நன்றாக இருந்திருக்கும்.

என் போதாத காலம், அந்தக் கடிதத்தை வைத்து மாணவர்கள் ஒரு விளக்கப்படம் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். கல்லூரியை ஆய்வு செய்ய வெளியிலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள், அவர்களுக்குக் காட்ட வேண்டும். படத்தின் கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. கடிதம் கொடுத்ததும் என்ன ஆயிற்று? அந்தக் கட்டத்துக்காக நான் அவர் மனைவிக்குப் போன் செய்தேன்.

"குடுத்தாராம்மா?"

"இல்லண்ணா. பயந்துக்கினு கீறாரு."

"பயப்பட இன்னா இருக்கு? நான் இருக்கேன்ல?"

மறுநாள் விடிகாலை, என்னை அண்ணா என்று கூப்பிட்ட அந்தத் தங்கச்சி, கணவரின் சாப்பாட்டுப் பையில், ரொட்டி டப்பாவுக்கு மேலே, கடிதத்தை வைத்து அனுப்பினார். அவரும் கொடுத்துவிட்டார். மேற்பார்வையாளர் படித்தார். கம்பெனி மருந்தகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இருமச் சொன்னார்கள். ஒவ்வொரு பரிசோதனையிலும் மூச்சை அடக்கி, வயிற்றை எக்கி, அரைகுறையாக இருமித் தப்பித்தவர், இந்த முறை தப்பிக்க முடியவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்றுதான் நான் எழுதியே கொடுத்திருந்தேனே. அடுத்த நாள் பேருந்து வந்தது. பேர் இல்லை.

"அண்ணா, பேர வெட்டிட்டாங்கண்ணா. பஸ்லர்ந்து எறக்கி உட்டுட்டாங்க" என்றார் அவர் மனைவி போனில். அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பேன், அது எனக்கு வரும். "நீங்க பேசுறீங்களாண்ணா?" என்றார்.

"பேசுறேம்மா" என்றேன்.

பேசவில்லை. பேசுவதற்கு முதலில் பயந்து முடிக்க வேண்டியிருந்தது.

என் பயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் முழு மனதோடு செய்த வேலை அது ஒன்றுதான். அன்றிலிருந்து போனை மௌனத்தில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்தேன். இரும்பு மேசை. அவர் மனைவி கூப்பிடும்போதெல்லாம் போன் உள்ளே அதிர்ந்து, மேசை முழுக்க உறுமியது. பக்கத்து அறைப் பேராசிரியர் வந்து "உள்ளே ஏதாவது பிராணி வளர்க்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். யார் வந்து கேட்டாலும் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று சொல்லும்படி சிப்பந்தியிடம் சொல்லிவைத்தேன். அவர் "எந்த மீட்டிங் சாப்?" என்றார். அது எனக்குத் தோன்றவில்லை. ஆய்வுக்குழு வருகிற நாளில் அந்த மனிதர் பாக்கெட்டில் கையோடு கல்லூரி வாசலில் வந்து நிற்பதாகவும், "இந்த டாக்டர்தான்" என்று இடது கையால் என்னைக் காட்டுவதாகவும் கற்பனை செய்தேன். அதற்கு என்ன பதில் சொல்வது என்று குளியலறையில் ஒத்திகை பார்த்தேன்.

"யாரோட பேசிட்டிருக்கீங்க?" என்றாள் வெளியிலிருந்து என் மனைவி. வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறாள், சாக்குச் சொல்கிற குரல் அவளுக்கு உடனே தெரியும்.

"ஒரு நோயாளியோட."

"பினாயில் பாட்டில்தான் உங்க நோயாளியா?"

கதவைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவங்க போனை எடுத்தீங்களா?" என்றாள்.

"எப்படி எடுக்கிறது? எனக்கு நெஞ்சு படபடங்குது."

"உங்களுக்கா? வேலை போனது உங்களுக்கா?"

படபடப்பு உண்மை. எனக்கு மாரடைப்பு என்று நானே முடிவு செய்துவிட்டேன். மறுநாள் காலை வகுப்பை ரத்து செய்தேன். இதய மருத்துவ நண்பர் நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, ஈ.சி.ஜி. எடுத்து, அதற்கு மேல் ஒரு ஸ்கேனும் எடுத்து, "ஒண்ணுமில்லை, வீட்டுல போய் ரெஸ்ட் எடுங்க" என்றார். எடுத்தேன். வேலைக்கு வராத அந்த நாளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அலுவலகத்திலிருந்து மட்டும், இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள்.

ஆய்வுக்குழு வந்தது. விளக்கப்படத்தை வாசலுக்கு நேரே மாட்டியிருந்தார்கள். தலைப்பு, "ஒரு கடிதத்தின் வலிமை." அவருடைய படமும் இருந்தது, முகத்தை மறைத்து, கழுத்துக்குக் கீழே மட்டும். வலது கை பாக்கெட்டில். குழுவில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றி உன்னிப்பாகப் படித்துவிட்டு, "மிக நல்ல முயற்சி. முடிவு என்ன?" என்று கேட்டார்.

"நடந்துகொண்டிருக்கிறது சார்" என்றேன்.

அதில் பொய் இல்லை. எல்லாம் நடந்துகொண்டுதான் இருந்தது. முதல்வர் என் முதுகில் தட்டினார். லாத்தூர்ப் பெண் படத்துக்குப் பக்கத்தில் கோட்டோடு நின்றுகொண்டிருந்தாள். குழு நகர்ந்ததும் என்னிடம் வந்து, "சார், போன வாரம் போனேன். உள்ளே டி.வி. சத்தம் கேட்டுது. கதவைத் திறக்கலை" என்றாள்.

"ஊருக்குப் போயிருப்பாங்க" என்றேன். டி.வி.யை ஓடவிட்டுவிட்டா போவார்கள் என்று அவள் கேட்கவில்லை. நல்ல பெண்.

அன்று மதியம் கிளம்பி ரஞ்சன்காவுக்குப் போனேன். கம்பெனி வாசலில் காவலாளி உள்ளே விடவில்லை. டேக்கேதாரின் ஆள் எதிரே டீக்கடையில் இருப்பார் என்றான். இருந்தார். என் வயதுக்காரர், சாந்தமான முகம். எழுந்து நாற்காலி கொடுத்தார், இஞ்சி போட்ட டீ சொன்னார். என்னைத் திட்டுவார் என்று நினைத்து வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அத்தனையும் வீண்.

"நாங்க யாரையும் நீக்கலை டாக்டர் சாப்" என்றார் இந்தியில். "நீங்கதான் அவனால பாரம் தூக்க முடியாதுன்னு எழுதியிருக்கீங்க. நாளைக்கு உள்ள ஏதாவது ஆயிட்டா கம்பெனி என் கழுத்தைப் பிடிக்கும். உங்க காகிதம் என் கையில இருக்கும்போது நான் எப்படி அவனை ஏத்துவேன்?"

"எளிய வேலை ஏதாவது?"

"எளிய வேலையா?" சிரித்துவிட்டுத் தன் நாற்காலியையும் டீயையும் காட்டினார். "அந்த வேலைக்குத்தான் நான் இருக்கேனே."

நல்ல ஜோக். தொழில்முறையில் பாராட்டுகிறேன்.

"ஆபரேஷன் முடிஞ்சு வந்தா எடுத்துப்பீங்களா?"

"வரட்டும், பார்ப்போம். இல்லைன்னா முழுசா எல்லா வேலைக்கும் தகுதின்னு நீங்களே ஒரு காகிதம் குடுங்க. நாளைக்கே ஏறட்டும். நல்ல வேலைக்காரன் சாப். எனக்கும் நஷ்டம்தான்."

போபோடிக்குத் திரும்பி வந்தபோது சாயங்காலம். கதவைத் தட்டிக் கூப்பிட்டேன். சாதாரணமாக என் குரல் ரெண்டு சந்து தாண்டிக் கேட்கும், அன்று எனக்கே கேட்கவில்லை. மகள் வந்து திறந்தாள். அவர் தரையில் மல்லாக்கப் படுத்திருந்தார். வேலை போனதிலிருந்து காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்கப் போகிறாராம். கம்பெனியில் பெட்டி தூக்கியதைவிட அது அதிக பாரம்.

காரில் வரும்போது யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். வேலைதான் போய்விட்டதே, இப்போதே ஆபரேஷனைச் செய்துகொள்ளலாம். இரண்டு மாத வீட்டுச் செலவு என்னுடையது. குணமானதும் வேறு டேக்கேதாரிடம் சேரலாம். என் தரப்பில் இதைவிட நியாயமாக ஒருவன் பேச முடியாது என்று நினைத்தேன்.

அவர் படுத்தபடியே கேட்டார். "ஆபரேசன் பண்ணா தயும்பு வருமில்ல சார்?"

"தழும்பா? வரும். அதுக்கென்ன? சின்னதுதான்."

"வேற டேக்கேதாரு கிட்ட போனாலும் மெடிக்கல்ல சட்டய கயட்டச் சொல்லுவான். பேன்ட்ட எறக்கச் சொல்லுவான். தயும்பப் பாத்தான்னா, கொடலு ஆபரேசன் பண்ண ஆளு, பாரம் தூக்கமாட்டான்னு அனுப்பிச்சிருவான். எங்க லைன்ல ரெண்டு பேர அப்டித்தான் அனுப்பிச்சான்."

துளை போட்டுச் செய்கிற ஆபரேஷன் இருக்கிறது, மூன்று சின்னப் புள்ளிதான் தெரியும் என்று உளறினேன்.

"மூணு புள்ளி இருந்தா மூணு கேள்வி கேப்பான் சார். இத்த மூச்சப் புடிச்சா உள்ள தள்ளிக்கலாம். தயும்ப எங்க தள்றது?"

அவர் மனைவி மெஷினுக்குப் பின்னாலிருந்து பேசினார். இந்த முறை அண்ணா என்று சொல்லவில்லை. "சார், நீங்க ஒண்ணியும் குடுக்க வோணாம். அந்தப் பேப்பர மாத்திக் குடுங்க, போதும்."

"அது பொய்யாயிடும்மா. அவர் வயித்துல ஏதாவது மாட்டிக்கிச்சின்னா..."

"மாட்டிக்கினா அத்த நாங்க பாத்துக்கறோம். இப்ப மாட்டிக்கினு கீறது நீங்க எய்தனதுல."

படிக்கிற உங்களுக்கு இரண்டு பக்கமும் தெரிகிறது. எழுதாவிட்டால் சந்தை மூட்டை. எழுதினால் கம்பெனிப் பெட்டி. ஆபரேஷன் இரண்டிலும் இல்லை. தொழிலாளர் அலுவலகம், சங்கம், புகார் என்று நான் இழுத்தபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பாடத்தில் இந்த இடத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதை நான் பலகையில் எழுதிக் கோடு போட்டிருக்கிறேன். அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தபோது அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

ஒரு மருத்துவன் பரிசோதிக்காமல் சான்று எழுதக்கூடாது. ஆகவே பரிசோதித்தேன். அவர் படுத்திருந்தார். படுத்தால் குடல் தானாக உள்ளே போய்விடும் என்று முதல் நாளே அவர் சொல்லியிருந்தார், எந்தப் புத்தகமும் அதையே சொல்லும். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன், வீக்கம் இல்லை. தொட்டுப் பார்த்தேன், இல்லை. எழுந்து நிற்கச் சொல்லவில்லை. இருமச் சொல்லவில்லை. பையிலிருந்து தாளை எடுத்து, "இன்று பரிசோதித்ததில் வீக்கம் ஏதும் காணப்படவில்லை. எல்லா வகை வேலைக்கும் தகுதியானவர்" என்று எழுதினேன். ஒரு வரியில் கூடப் பொய் சொல்லவில்லை என்று வீடு வந்து சேரும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனைவியிடம் சொன்னேன். எங்கள் வங்கியிலும் இப்படித்தான் எழுதுவோம் என்றாள்.

மறுநாள் அவர் பேருந்தில் ஏறிவிட்டார். அவர் மனைவி போன் செய்து, "ஏத்திக்கினாங்க சார்" என்றார். எனக்குப் படபடப்பு அன்றோடு நின்றுவிட்டது. உண்மையில் நன்றாகத் தூங்கினேன். வகுப்பில் புதிதாக இரண்டு ஜோக் சொன்னேன். லாத்தூர்ப் பெண் மட்டும் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

தீபாவளிக்கு முன்னால் கம்பெனியில் வேலை நெருக்கடி. முதல் ஷிப்டில், பெட்டி தூக்கும்போது அவருக்குக் குடல் வெளியே வந்து மாட்டிக்கொண்டது. மருந்தகத்துக்குப் போனால் மறுபடி இருமச் சொல்வார்கள் என்று போகவில்லை. வாயு என்று சொல்லி, சோடா குடித்துவிட்டு, பெட்டிகளுக்குப் பின்னால் படுத்துப் பார்த்தார். அன்று உள்ளே போகவில்லை. ஷிப்ட் முடிந்து பேருந்து கிளம்பும்வரை காத்திருந்து, அதில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து இறங்கினார். அங்கிருந்து ஆட்டோவில் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அழுகிப்போன குடலை வெட்டி எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். தொப்புளுக்கு மேலிருந்து கீழ்வரை தழும்பு இருக்கிறது. அவரை எந்த டேக்கேதாரும் எடுக்கவில்லை. இப்போது அவர் மனைவி அதே பேருந்தில் ரஞ்சன்காவுக்குப் பேக்கிங் வேலைக்குப் போய்வருகிறார்.